எழுபதுக்கு மேல் ஒன்று

முத்தாபுதுப்பேட்டை ஏகாம்பரம் பரீட்சைக்குப் பயந்தவர் அல்ல. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தவர். மற்றவர்கள் கடைந்து அனுப்பும் உதிரிபாகங்களுக்குப் பரீட்சை வைத்து, தேறினதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் போடுவதுதான் அவர் பிழைப்பு. குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் பத்தாவது, பன்னிரண்டாவது என்று விடியற்காலையிலேயே எழுந்து உருப்போடுவார்கள். அவர் வீட்டில் மட்டும் அந்தச் சத்தம் கேட்டதில்லை. ஒரே மகள் வடிவு எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

ஆகவே நாற்பத்தோரு வயதில் அவளுக்கு ஒரு பரீட்சை என்று ஆனபோது ஏகாம்பரம் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மகளைப் படிக்கவைத்தார்.

விஷயம் இதுதான். வடிவுக்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு மனசு வளரவில்லை. ஏழெட்டு வயசில் நின்றுவிட்டது. அவள் அம்மா சரசா பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில் தலை வாரிக்கொள்வாள், அரிசி களைவாள், கடிகாரத்தில் மணி பார்ப்பாள், தன் பெயரை மூன்றெழுத்தில் எழுதுவாள். அந்த மூன்றெழுத்துக்கு மட்டும் மூன்று வருஷம் பிடித்தது. சரசா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஏகாம்பரத்துக்கு இப்போது எழுபத்துமூன்று. இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது, ஆபரேஷன் தாங்காது, மாத்திரையில் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனக்குப் பிறகு இந்தப் பெண் எங்கே இருப்பாள், யார் சோறு போடுவார்கள்? அந்த ஒரு கவலைதான் அவருக்கு. ராத்திரி பகல் என்றில்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளானூரில் மனசு வளராமல் வயசு மட்டும் ஆனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. நிர்வாகி ஜெபா நல்ல மாதிரி. வடிவு போனவுடனே அங்கே காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். ஜெபாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. "ஒரு கட்டில் காலியா இருக்குங்க ஐயா. அம்பத்தூர்ல டெஸ்ட் எடுத்து சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். எத்தனை மார்க் வேண்டும் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. ஜாஸ்தி மார்க் வாங்கினால் கெடுதல் என்று அவர் எந்தப் பரீட்சையிலும் கேள்விப்பட்டதில்லை.

மூன்று வாரம் பாடம் நடந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் எதிர்வீட்டுத் துலுக்கானம் எங்கிருந்தோ ஒரு மாதிரி வினாத்தாள் கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஐந்தாவது கேள்வி: வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வாய்?

"அப்பாவக் கூப்புடுவேன்" என்றாள் வடிவு.

"அப்பா ஊட்ல இல்ல. அப்ப இன்னா பண்ணுவ?"

வடிவுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "நீ வர்ற வரைக்கும் இருப்பேன்."

ஏகாம்பரம் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். திரும்பி வந்து, "அப்பிடி இல்லம்மா. வெளிய ஓடியாந்து பக்கத்து ஊட்டுக்காரங்களக் கூப்புடுவேன். எங்க, சொல்லு" என்றார். பதினோரு நாளில் அது அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. சரியாகச் சொன்னால் "பாஸ்" என்று சொல்லி அவள் தலையைத் தடவுவார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எதையும் நூறு தடவை சொல்லத் தயாராக இருந்தாள்.

மேற்கு வட்டார நுண்ணறிவு அளவீட்டு மையம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பழைய பட்டறைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது. அது வேலை செய்யவில்லை என்ற அறிவிப்பு மூன்றாம் மாடியில் ஒட்டப்பட்டிருந்தது. ஏகாம்பரம் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

முதலில் விண்ணப்பம். அதன் ஒன்பதாவது பத்தி இப்படி இருந்தது: "எனக்குப் படிக்கவும், எழுதவும், படித்ததைப் புரிந்துகொள்ளவும் இயலாது என்பதை நான் படித்துப் புரிந்துகொண்டு சுயநினைவுடன் சம்மதிக்கிறேன். விண்ணப்பதாரர் கையெழுத்து." கைநாட்டு ஏற்கப்படாது.

"கையெழுத்துப் போடத் தெரியாதவங்க இன்னாங்க பண்ணுவாங்க?" என்று கவுண்ட்டரில் கேட்டார் ஏகாம்பரம்.

"விண்ணப்பம் பூர்த்தியாகலைன்னு திருப்பி அனுப்பிடுவோம்" என்றார் கவுண்ட்டர்காரர். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றெழுத்தையும் போட்டாள். கவுண்ட்டர்காரர் அதைப் பார்த்து, "எழுதத் தெரிகிறது" என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

சோதனை எடுத்தவள் ரேவதி என்ற சின்னப் பெண். ஒரு நாளைக்கு முப்பது பேர் என்பது அவள் கணக்கு. நிமிர்ந்து பார்க்க நேரமில்லாததால் அட்டையைப் பார்த்தே பேசினாள். ஒரு மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று குழிகள் இருந்தன. அந்தந்தக் கட்டையை அந்தந்தக் குழியில் வைக்கவேண்டும். நட்சத்திரக் கட்டை எந்தக் காலத்திலோ தொலைந்துபோய், அதற்குப் பதில் தண்ணீர் பாட்டில் மூடி ஒன்று இருந்தது.

"நட்சத்திரம் எங்கக்கா?" என்றாள் வடிவு.

"அதைத்தான் நட்சத்திரம்னு வெச்சுக்கங்க."

வடிவு வைத்துக்கொண்டாள். அதற்குக் கற்பனைத் திறன் என்று தனியாக ஒரு புள்ளி விழுந்தது. தீ கேள்விக்கு, ஓடிவந்து பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவதாக ஒரே மூச்சில் ஒப்பித்தாள். முழுப் புள்ளி. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் முடிவு வந்தது. எழுபத்தொன்று. நூற்றுக்கு எழுபத்தொன்று என்றுதான் ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார். முதல் வகுப்பு! ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து தெருவெல்லாம் கொடுத்தார். நாற்பத்தோரு வருஷமாக மற்றவர்கள் வீட்டு மைசூர்பாகைத் தின்ற வீடு அது. "சரசா இருந்திருக்கணும்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துலுக்கானம் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "நம்ம பொண்ணு கெத்து அண்ணாத்தே! என் பையனே எஸ்எஸ்எல்சில இத்தினி வாங்கல" என்றான்.

மறுநாள் வெள்ளானூரில் ஜெபா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, எழுபதும் அதுக்குக் கீழயும்தான் குறைபாடுன்னு கணக்கு. எழுபத்தொண்ணுன்னா இவங்க... நார்மல்னு வருது. நான் சேர்த்தா இல்லத்தோட லைசென்சே போயிடும்."

"ஒரு மார்க்குங்களா?"

"ஒரு மார்க்குதாங்க" என்றாள் ஜெபா. அவள் குரல் இறங்கிவிட்டது. ஏகாம்பரத்துக்கு மைசூர்பாகு நெஞ்சில் நிற்கிற மாதிரி இருந்தது. பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மேல்முறையீட்டுக்கு மறுபடி மூன்று மாடி. அங்கே வராந்தாவில் நசரத்பேட்டை அடுக்குமாடியிலிருந்து வந்திருந்த சௌம்யா என்கிற ஐ.டி. கம்பெனிப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய ஒன்பது வயது மகளை மேதைக் குழந்தைகள் பிரிவில் சேர்க்க நூற்றுமுப்பது வேண்டுமாம், வந்தது அறுபத்தொன்பது. ஒயர் இல்லாத டெலிபோன் படத்தைக் காட்டி இதில் என்ன குறை என்று கேட்டிருக்கிறார்கள். எதுவும் குறையவில்லை என்று குழந்தை சொல்லியிருக்கிறது. ஒயர் வைத்த போனை அது கண்ணால் கண்டதில்லை. இப்படி ஏழெட்டுப் படம். ஏகாம்பரமும் தன் எழுபத்தொன்றைச் சொன்னார்.

"அங்கிள், மேதைகூட வேணாம், உங்க பொண்ணோட நம்பரை நாங்க எடுத்துட்டு, எங்களோடதை உங்களுக்குத் தர முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள் சௌம்யா அழுகையோடு சிரித்து. எதற்கும் இருக்கட்டும் என்று ஏகாம்பரம் கவுண்ட்டரில் விசாரித்தார். மதிப்பெண்கள் பிறருக்கு மாற்றத்தக்கவை அல்ல என்ற போர்டைக் காட்டினார்கள். ஏற்கெனவே யாரோ கேட்டிருக்கவேண்டும்.

மையத்தின் இயக்குநர் முனைவர் சுப்பராயன் நல்ல வாசனையான மனிதர். மேஜை முழுக்கக் கோப்பைகளும் கேடயங்களும் வைத்திருந்தார்.

"ஏகாம்பரம் சார், உங்க வருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் உங்க பொண்ணைப் பார்க்கலை. பார்க்கவும் மாட்டேன். பார்த்தா பாரபட்சம் வந்துடும். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கட்டடத்துக்கு வந்த ஒரு மனுஷரைக்கூட நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அதனாலதான் எங்க முடிவுகளை எல்லாரும் நம்பறாங்க."

"ஐயா, அவளுக்குச் சில்லறை எண்ணத் தெரியாது. தெருமுனைக்குப் போனா திரும்பி வரத் தெரியாது."

"அதெல்லாம் எங்க கேள்வித்தாள்ல இல்லை. இல்லாததை நாங்க அளக்கிறதில்லை." இயக்குநர் ஃபைலைப் புரட்டினார். "பாருங்க, தீயணைப்பு பத்தின கேள்வியில முழுப் புள்ளி. அதுல கோட்டை விட்டிருந்தா அறுபத்தொன்பது. அங்கதான் தாண்டிட்டாங்க."

ஏகாம்பரத்துக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கேள்விக்கு அவள் சொல்லவேண்டிய பதிலை முதல்நாளே சொல்லியிருந்தாள். அதைத் துடைத்துவிட்டு வேறு எழுதியவர் அவர்தான்.

ஆனாலும் இன்ஸ்பெக்‌ஷன் புத்தி போகுமா? தாளின் அடியில் எறும்பெழுத்தில் இருந்ததைக் கண்ணாடி மாட்டிப் படித்தார். இந்த எண் ஐந்து கூடவோ ஐந்து குறையவோ இருக்கலாம். "ஐயா, டாங்கி வேலையில இதுக்கும் ஒரு கணக்கு உண்டுங்க. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்னு போட்டா, அதுக்குள்ள எங்க நின்னாலும் ஒண்ணுதான். இவ அறுபத்தாறாவும் இருக்கலாம்தானே? அப்புறம், அளக்கிற கருவியையே ஆறு மாசத்துக்கு ஒருதரம் அளப்போம். உங்க பலகையில நட்சத்திரத்துக்கு மூடி இருக்குதுங்க."

"அது இரும்பு சார்" என்று சிரித்தார் இயக்குநர். "இரும்புக்குக் கூடக்குறைய இருக்கலாம். சர்ட்டிபிகேட்டுக்கு இருக்கக்கூடாது. ஆறு மாசம் கழிச்சு மறுசோதனைக்கு வாங்க. அதுக்குள்ள படிச்சதெல்லாம் மறந்துடும்னு எங்க விதி."

வடிவு எதையும் மறக்கிறவள் இல்லை. கற்றுக்கொள்ளத்தான் நாளாகும், கற்றது போகாது. ஆகவே ஏகாம்பரம் மறுபடி பாடம் நடத்தினார்.

"உன் பேரு இன்னா?"

"வடிவு."

"இல்லம்மா. தெரியாதுன்னு சொல்லணும்."

"தெரியும்பா!" என்றாள் அவள், அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது போலப் பயந்துகொண்டு. "அம்மா சொல்லிக்குடுத்துச்சே."

முதல் மாதம் தினமும் அழுதாள். மணி என்ன என்றால் வாய்வரை வந்துவிடும், கையால் பொத்திக்கொள்வாள். ஏகாம்பரமும் அழுதார். முப்பத்துநாலு வருஷம் நல்ல பாகத்தை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் சொன்னவர், இப்போது சரசா அரும்பாடுபட்டுக் கட்டியதை ஒவ்வொரு செங்கல்லாக உருவிக்கொண்டிருந்தார். சரசாவின் படத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பாடம் நடத்துவார். "தெரியாது" என்று அவள் சொன்னால் "பாஸ்" என்று தலையைத் தடவுவார். நாலாம் மாதம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தெரியாது என்றால் பாஸ். அப்புறம் அவளுக்கு அது சந்தோஷமான விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மறுசோதனையில் நாற்பத்திரண்டு கேள்விகள். நாற்பத்திரண்டுக்கும் வடிவு தெரியாது என்றாள். கடைசியில் ரேவதி மனசு கேட்காமல் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றாள். "தெரியாது" என்றாள் வடிவு, உதடு காய்ந்துபோயிருந்தும். கண்ணாடிக்கு வெளியே நின்ற அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"அசந்துட்டேன் சார். நாற்பத்திரண்டு கேள்வி, ஒரு சறுக்கல் இல்லை. இந்தக் கட்டுப்பாடு என் ஸ்டாஃப்கிட்டயே கிடையாது. இது அறியாமை இல்லை, திட்டமிட்ட அறியாமை! தப்பா சொல்லணும்னா சரி எதுன்னு தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சதை மறைக்கிறது உயர்நிலைச் சிந்தனை. அதுக்கு விதிப்படி பழைய எழுபத்தொண்ணோட எட்டுப் புள்ளி கூட்டணும்." பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "எழுபத்தொன்பது. வளர்ச்சிதான், வாழ்த்துக்கள்."

ஏகாம்பரம் பையில் மாத்திரையைத் துழாவினார். மறுத்துப் பேச மூச்சு வேண்டுமே.

"ஆனா ஒண்ணு. ஒருத்தர் பயிற்சி குடுத்திருக்கார்னு தெரிஞ்சா, பயிற்சி குடுத்தவரையும் சோதிக்கணும். அதுவும் விதி. இப்பவே முடிச்சிடலாம்."

குழந்தைகளுக்கான குட்டை நாற்காலியில் ஏகாம்பரத்தை உட்காரவைத்தார்கள். முழங்கால் மார்பில் இடித்தது. ரேவதி எண்களைச் சொன்னாள், தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கை விரலால் தடவியே சொல்லக்கூடியவருக்கு நாலு எண்களைத் திருப்ப வரவில்லை. பாட்டில் மூடியை அவர் நட்சத்திரக் குழியில் வைக்க மறுத்துவிட்டார். "அது அந்தக் குழிக்குச் சேராதும்மா" என்றார். பூஜ்யம்.

"வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?"

பதில் அவருக்குத் தெரியும். பதினோரு நாள் சொல்லிக்கொடுத்த பதில். ஆனால் களைப்பில் அது வாய்க்கு வரவில்லை, உள்ளே இருந்ததுதான் வந்தது.

"வடிவக் கூப்புடுவேன்."

"அவங்க வீட்ல இல்லைன்னா?"

"அவ வர்ற வரைக்கும் இருப்பேன்."

ரேவதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு வேறு வழியில்லாமல் எடுத்துப் பூஜ்யம் போட்டாள்.

அறுபத்தெட்டு.

இயக்குநர் எழுந்து கை குலுக்கினார். "பாத்தீங்களா, எங்ககிட்ட யாரும் வெறுங்கையோட திரும்பறதில்லை. உங்களுக்குத் தகுதி இருக்கு! அறிவுத்திறன் குறைந்தவர்னு இன்னைக்கே சர்ட்டிபிகேட். உங்களைக் கவனிச்சுக்க ஒரு காப்பாளரைக் காட்டணும். ரத்த சொந்தமா இருக்கணும், எழுபதுக்கு மேல இருக்கணும். உங்களுக்குத்தான் பொண்ணு இருக்காங்களே."

கீழே ஆட்டோவில் காத்திருந்த துலுக்கானம் இரண்டு தாளையும் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். "இன்னா அண்ணாத்தே இது? ஒனக்கு அறிவு இல்லியாம், பொண்ணு ஒன்னப் பாத்துக்குமாம். எவன்யா இத எழுதினது? மேல போயி நாலு கேள்வி கேட்டுகினு வரட்டா?"

"ஆட்டோவ வெள்ளானூருக்கு உடு" என்றார் ஏகாம்பரம்.

ஜெபா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். இல்லத்தில் சேரும் ஒருவர் தம் காப்பாளரையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று ஏழாவது விதி. ஏகாம்பரம் சேரலாம். வடிவு கூட இருக்கலாம். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டால் ஆயிற்று. ஜெபாவுக்கு முகம் மலர்ந்தது, அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் வாடிவிட்டது. பதினோராவது விதியைத் தாழ்ந்த குரலில் வாசித்தாள். சேர்ந்தவர் காலமானால் பதினைந்து நாளில் காப்பாளர் இல்லத்தைவிட்டு வெளியேறவேண்டும்.

"சரிம்மா" என்றார் ஏகாம்பரம். "அது வரைக்குமாச்சும் இருக்கட்டும்."

பதிவேட்டில் காப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்றெழுத்தைப் போட்டாள். போட்டுவிட்டு, தெரிந்ததை எழுதியது தப்போ என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும்தான் சிரித்தாள்.

ஒரு வாரம் போயிற்று. காலை எட்டு மணிக்கு மாத்திரை கொடுக்கவேண்டும் என்று ஜெபா காப்பாளரிடம் சொல்லியிருந்தாள். வடிவு கடிகாரத்தின் எதிரே நின்று, முள் எட்டுக்கு வந்ததும் மாத்திரையை எடுத்துவந்து, "முழுங்குப்பா" என்பாள். அவர் முழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்ப்பாள். மாத்திரையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் படுத்தபடி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். தான் போன மறுநாளிலிருந்து தொடங்கும் அந்தப் பதினைந்து நாளை.

அன்று காலை மாத்திரை முழுங்கினதும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"வடிவு, ஊட்ல தீப்பிடிச்சா இன்னா பண்ணுவ?"

வடிவு நிமிர்ந்தாள். அப்பா முகத்தையே பார்த்தாள். அவளிடம் இதற்கு மூன்று பதில்கள் இருந்தன. மூன்றுமே ஒரு காலத்தில் சரியாக இருந்தவை.

"எதச் சொல்லணும்பா?" என்று கேட்டாள்.

ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

வடிவு முகமெல்லாம் சிரிப்பாக அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"பாஸ்" என்றாள்.